பூட்டாமல் கிளம்பிய டிரெய்லர்: துவாஸ் யார்டு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

24 டன் கட்டுமானக் கம்பி ஏற்றிய 40 அடி டிரெய்லர் ஒன்று, சிங்கப்பூரின் துவாஸில் ஒரு யார்டின் வாசலைத் தாண்டி இடப்பக்கம் திரும்பும்போது, இழுத்துப் போன பிரைம் மூவரை (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி) விட்டுக் கழன்று சாலையில் உட்கார்ந்துவிட்டது. யாருக்கும் காயமில்லை. டிரெய்லர் தனியாக நிற்கும்போது அதன் மூக்கைத் தாங்கும் முன்கால் ஒன்று வளைந்தது. பிரைம் மூவரின் பின் மட்கார்டு நசுங்கியது. ஏர் ஹோஸ்கள் அறுந்தன. அந்தப் பக்கச் சாலை இரவு வெகுநேரம் அடைபட்டுக் கிடந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த மோட்டார்சைக்கிள்காரர் ஒருவர் சரியான நேரத்தில் பிரேக் பிடித்ததால் தப்பித்தார்.

இதை விசாரித்த குழுவில் நானும் இருந்தேன். நிறுவனம், ஆட்கள் பெயர் எதுவும் வேண்டாம் என்ற நிபந்தனையோடு எழுத அனுமதி கிடைத்தது. சேதம் சின்னது, அதற்காக இவ்வளவு எழுதத் தேவையில்லை. ஆனால் மாட்டியதும் முன்னே இழுத்துப் பார்க்கும் இழுவைச் சோதனையை ஓட்டுநர் செய்தார், சோதனையும் “சரி” என்றே காட்டியது. அப்படியும் டிரெய்லர் கழன்றது. கழலப்போகிறது என்பதற்கான அடையாளம் அங்கே ஒருவருடைய கைக்குத் தெரிந்தே இருந்தது. அவரை யாரும் கேட்கவில்லை. அதைத்தான் சொல்ல வேண்டும்.

யார்டும் ஆட்களும்

யார்டு பெரியதல்ல. பாதி இடம் கான்கிரீட், மீதி ஜல்லி கொட்டிய தரை. கம்பிக் கட்டுகள் கிரேனில் ஏறி டிரெய்லரில் அடுக்கப்படும். டிரெய்லரை ஓரமாக நிறுத்திவிடுவார்கள். எந்த பிரைம் மூவர் காலியாக இருக்கிறதோ அது வந்து இழுத்துப் போகும். சொந்த வண்டிகள் கொஞ்சம், வாடகை வண்டிகள் கொஞ்சம். சிங்கப்பூரில் டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் உண்டு, பரிசோதனையும் தனியாக உண்டு. ஒரே டிரெய்லரை இன்று ஒரு வண்டியும் நாளை வேறொரு வண்டியும் இழுப்பது இங்கே அன்றாட வழக்கம். இந்த நிகழ்வின் வேர் அந்த வழக்கத்தில்தான் இருக்கிறது.

ஓட்டுநர் ஜொகூரிலிருந்து தினமும் வந்து போகும் ஐம்பது வயதுக்காரர். யார்டில் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். நிதானமானவர், பல வருஷ அனுபவம். உதவிக்கு நின்றவர் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பி. யார்டு வேலைக்கு வந்தவர். டிரெய்லரின் காலைத் தூக்குவது, ஏர் ஹோஸ் எடுத்துக் கொடுப்பது, கட்டுப்பட்டை இறுக்குவது எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். இதற்கென்று அவருக்குத் தனிப் பயிற்சி கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்.

அந்த மாலை

மணி ஏழை நெருங்கிக்கொண்டிருந்தது. மத்தியானத்திலிருந்தே மழை. தெங்கா பக்கம் ஒரு கட்டுமானத் தளத்தில் இரவு கம்பி இறக்க நேரம் குறித்திருந்தார்கள். டிரெய்லர் ஜல்லித் தரையில், முன்கால்களுக்கு அடியில் பலகை போட்டு நின்றது.

அண்ணன் பிரைம் மூவரைப் பின்னால் எடுத்தார். “டக்” என்று சத்தம் கேட்டது. டிரெய்லர் பிரேக் பிடித்த நிலையில் இருக்க, வண்டியைக் கியரில் போட்டு மெதுவாக முன்னே இழுத்துப் பார்த்தார். டிரெய்லர் அசையவில்லை. இறங்கினார், பூட்டின் கைப்பிடி உள்ளே போயிருப்பதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தார். சிவப்பு ஹோஸ், மஞ்சள் ஹோஸ், விளக்குக் கேபிள் மூன்றையும் மாட்டினார். “தம்பி, காலைத் தூக்கிடு” என்று சொல்லிவிட்டு கேபினில் ஏறினார். சோதனைத் தாளில் “இணைப்பு சரிபார்க்கப்பட்டது” என்ற கட்டத்தில் கேபினில் இருந்தபடியே டிக் அடித்தார்.

தம்பி காலைத் தூக்கி முடிக்க வழக்கத்தைவிட நேரமாகியிருக்கிறது. கேமராப் பதிவில் அது தெரிகிறது. நடுவில் ஒருமுறை நிறுத்தி, கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி சுற்றுகிறார். பிறகு கையைக் காட்டுகிறார். வண்டி கிளம்புகிறது.

யார்டு வாசலில் கால்வாய்க்கு மேல் இரும்பு மூடி போட்ட ஒரு சின்ன மேடு. பிரைம் மூவரின் பின்சக்கரங்கள் அதில் ஏறி இறங்கின. இடப்பக்கம் திரும்ப ஆரம்பித்ததும் டிரெய்லரின் மூக்கு பின்வாங்கி நழுவியது. முதலில் ஹோஸ்கள் அறுந்தன. சிவப்பு ஹோஸில் காற்று போனால் டிரெய்லரின் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பிடித்தது. மூக்கு பிரைம் மூவரின் சட்டத்தின் கடைசி முனையில் இடித்து, அங்கிருந்து வழுக்கி, தூக்கியிருந்த முன்கால்கள் மேல் விழுந்தது.

அப்போது வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர் இருந்தாலே அதிகம். இன்னும் சில நிமிடத்தில் அது ஆயர் ராஜா விரைவுச்சாலையில் 60-இல் போயிருக்கும். வேகம் 5 மடங்கானால் வண்டியில் இருக்கும் ஆற்றல் 25 மடங்காகும். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 16 மீட்டருக்கும் மேல். பின்னால் வருபவர் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள எடுக்கும் ஒரு நொடியிலேயே அவ்வளவு தூரம் போய்விடும். முன்னால் சக்கரம் பூட்டி நிற்பது ஸ்டியரிங் இல்லாத 30 டன்னுக்கும் மேலான இரும்பு. மாலையில் துவாஸிலிருந்து மலேசியாவுக்குப் போகும் இரண்டாம் பாலத்தை நோக்கிச் செல்லும் மோட்டார்சைக்கிள் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. வேலையிட மரணங்கள் 2023-இல் 36, 2024-இல் 43 என்று மனிதவள அமைச்சு கணக்குச் சொல்கிறது. காரணங்களில் வாகன விபத்து முன்வரிசையில் நிற்கிறது.

கிங் பின்னில் ஒட்டாத கிரீஸ்

பிரைம் மூவரின் முதுகில் கிரீஸ் பூசிய கனமான தட்டு இருக்கும். அதுதான் ஃபிஃப்த் வீல். அதன் பின்பக்கம் வாய் திறந்திருக்கும். டிரெய்லரின் மூக்குக்கு அடியில் தொங்கும் இரும்பு முளை கிங் பின். பிரைம் மூவர் பின்னால் வரும்போது கிங் பின் அந்த வாய்க்குள் நுழைந்து பூட்டைத் தட்டும். பூட்டு மூடிக்கொண்டு பின்னின் கழுத்தைக் கவ்வும். பொதுவாக ஓடும் கிங் பின்னின் கழுத்து 2 அங்குலப் பருமன். அதற்குக் கீழே சற்று அகலமாக ஒரு பாதம், 7 சென்டிமீட்டர் சொச்சம். பூட்டு கழுத்தைக் கவ்வ வேண்டும். பாதம் பூட்டுக்குக் கீழே நிற்க வேண்டும். அப்படி நின்றால் மேடு பள்ளத்தில் டிரெய்லர் எவ்வளவு துள்ளினாலும் கிங் பின் மேலே வராது.

மறுநாள் காலை டிரெய்லரைத் தூக்கி நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். கிங் பின்னின் கழுத்து காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு கிரீஸ் இல்லை. பாதத்தின் அடிப்பக்கத்தில் மட்டும் பிறை வடிவத்தில் கிரீஸ் அப்பியிருந்தது. ஃபிஃப்த் வீலின் பூட்டைப் பார்த்தால், அதன் மேல்விளிம்பில் புதிதாகச் சுரண்டிய வெள்ளைக் கோடு. பூட்டின் உட்பக்கத்தில் கீறல் எதுவும் இல்லை. உடைந்த பாகம் எதுவும் இல்லை. ஸ்பிரிங் நன்றாக வேலை செய்தது. திரும்பத் திரும்ப மூடித் திறந்து பார்த்தோம், சிக்கவில்லை.

அதாவது பூட்டு எந்தக் கழுத்தையும் பிடிக்கவில்லை. டிரெய்லர் உயரமாக நின்றதால் கிங் பின் மேலாக உள்ளே நுழைந்து பூட்டைத் தட்டிவிட்டது. பூட்டு மூடிக்கொண்டது. பாதம் பூட்டுக்கு மேலே ஓர் ஓரமாக மாட்டிக்கொண்டு நின்றது. “டக்” என்று கேட்ட சத்தம் உண்மையான சத்தம்தான். கைப்பிடி உள்ளே போனதும் உண்மைதான். மெதுவாக இழுத்தபோது பாதம் விளிம்பில் தடுக்கி நின்றதால் டிரெய்லர் அசையவில்லை. மூன்று அடையாளமும் பூட்டியது போலவே காட்டும். இழுத்துப் பார்ப்பதை மட்டும் நம்பக்கூடாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஃபிஃப்த் வீல் தயாரிப்பவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

எங்கிருந்து பார்ப்பது? பிரைம் மூவருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் பக்கவாட்டில் குனிந்து, முதலில் இரண்டு தட்டுகளும் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஊடே வெளிச்சம் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அடுத்து, டிரெய்லருக்கு அடியில் பின்பக்கத்திலிருந்து ஃபிஃப்த் வீலின் வாய்க்குள் டார்ச் அடித்து, பூட்டு பின்னின் கழுத்துக்குப் பின்னால் முழுசாக மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேமராப் பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது ஒரு இடத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம். அந்தப் பக்கம் நின்ற இன்னொரு லாரியின் ஹெட்லைட் வெளிச்சம் இரண்டு தட்டுக்கும் நடுவே மெல்லிய கோடாக ஊடுருவி வருகிறது. கால்களைத் தூக்கிய பிறகும் அந்தக் கோடு மறையவில்லை. குனிந்து பார்த்திருந்தால் டார்ச்சே தேவைப்பட்டிருக்காது. தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. யாரும் குனியவில்லை.

உயரம் எங்கே மாறியது

டிரெய்லர் ஏன் உயரமாக நின்றது என்பதற்கு, அதற்கு முந்தின நாளுக்குப் போக வேண்டியிருந்தது. அன்று அதை அங்கே விட்டுப் போனது வேறொரு பிரைம் மூவர். அதன் ஃபிஃப்த் வீல் இதைவிட உயரமானது. ஜல்லித் தரை மழையில் அமுங்கும் என்பதால் பலகை போட்டார்கள். அது சரியான காரியம். பிறகு கால்களை இறக்கியவர், கால் தரையைத் தொட்டதோடு நிறுத்தாமல், டிரெய்லரின் பாரத்தைத் தட்டிலிருந்து தூக்கும் அளவுக்கு இன்னும் சுற்றியிருக்கிறார். அப்படிச் செய்தால் பிரைம் மூவர் வழுக்கிக்கொண்டு சுலபமாக வெளியே வரும். பல யார்டுகளில் இதைத் திறமை என்றே நினைக்கிறார்கள். கால் தரையில் ஊன்றியபின் பாரம் கொஞ்சம் தாங்கும் அளவுக்குச் சுற்றினால் போதும். டிரெய்லரைத் தட்டிலிருந்து தூக்கிவிடக் கூடாது.

அடுத்த நாள் வந்த வண்டிக்கு டிரெய்லரின் அடித்தட்டு ஃபிஃப்த் வீலுக்கு மேலே ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றிருக்கிறது என்று அளந்து கணக்கிட்டோம். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் கிங் பின் மொத்தமே 8 சென்டிமீட்டர் சொச்சம்தான் கீழே தொங்குகிறது. அதில் பாதி போய்விட்டது.

பிரைம் மூவர் உள்ளே நுழையும்போது ஃபிஃப்த் வீல் டிரெய்லரின் அடித்தட்டில் உரசி, அதைச் சற்றுத் தூக்கிக்கொண்டே போக வேண்டும். எஞ்சின் திணறுவதும் கேபின் லேசாக அமுங்குவதும் ஓட்டுநருக்கு உடம்பில் தெரியும். அன்று தெரிந்திருக்காது. அண்ணனைக் கேட்டோம். யோசித்துவிட்டு, “லேசா உள்ள போச்சு. மழைல கிரீஸ் வழுக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்” என்றார். அவர் எதையும் மறைக்காமல் சொன்னது விசாரணைக்குப் பெரிய உதவி.

கைப்பிடி சொன்னது

டிரெய்லரின் முன்காலைச் சுற்றும் கைப்பிடிக்கு இரண்டு கியர் உண்டு. ஒன்று வேகமானது, கால்களில் பாரம் இல்லாதபோது சரசரவென்று ஏற்றி இறக்க. இன்னொன்று மெதுவானது, பாரத்தோடு தூக்க. பிரைம் மூவர் சரியாக மாட்டியிருந்தால் டிரெய்லர் மூக்கின் பாரமெல்லாம் ஃபிஃப்த் வீலுக்குப் போயிருக்கும். கால்கள் சும்மா தொங்கும். வேக கியரிலேயே கைப்பிடி இலகுவாகச் சுற்றும்.

தம்பியிடம் பேசும்போது சூப்பர்வைசரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பேசினோம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஹேண்டில் சுத்தவே முடியலண்ணே. வேகத்துல போட்டு முழு பலத்தையும் குடுத்துப் பாத்தேன், அசையல. அப்புறம் ஸ்லோ கியருக்கு மாத்தித்தான் சுத்துனேன். லோடு ஜாஸ்தி, அதான் இறுக்கமா இருக்குன்னு நெனச்சேன்.”

கைப்பிடி சுற்றவில்லை என்றால் பாரம் இன்னும் கால்களில்தான் இருக்கிறது. பாரம் கால்களில் இருந்தால் ஃபிஃப்த் வீல் டிரெய்லரைத் தாங்கவில்லை. ஃபிஃப்த் வீல் தாங்கவில்லை என்றால் இணைப்பு உயரத்தில் தவறு. யார்டில் இருந்த எல்லாக் கருவிகளையும்விடத் தெளிவான அளவுமானி அந்த நேரத்தில் தம்பியின் தோளும் மணிக்கட்டும்தான். அவர் கியர் மாற்றிய நிமிடத்தில் வேலையை நிறுத்தியிருந்தால் இந்த ஆய்வே இல்லை.

ஏன் அண்ணனிடம் சொல்லவில்லை என்று கேட்டோம். “அவரு எத்தன வருஷ டிரைவர். அவருக்குத் தெரியாததா?” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கைப்பிடி இறுகினால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. சோதனைத் தாளில் ஓட்டுநர் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது, காலைத் தூக்குபவருக்கு ஒரு வரி கூட இல்லை. காலைத் தூக்குவதைக் கூலி வேலையாக மட்டும் பார்த்தார்கள். என் கணிப்பில் அது ஒரு சோதனை. இணைப்பின் கடைசிச் சோதனை. அதைச் செய்பவர் யார்டிலேயே சம்பளம் குறைந்த ஆளாக இருப்பதும், கேபினில் இருப்பவரிடம் கத்திப் பேசத் தயங்குபவராக இருப்பதும் இந்த வேலையின் மிகப் பெரிய ஓட்டை. துவாஸ், ஜூரோங், கிராஞ்சி என்று எந்தப் பக்கம் போனாலும் டிரெய்லர் காலடியில் நிற்பவர் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தோ பங்களாதேஷிலிருந்தோ வந்த ஒரு தம்பியாகத்தான் இருக்கிறார்.

முதல் அறிக்கையின் வரைவில் “ஓட்டுநரின் கவனக்குறைவு” என்று ஒற்றை வரியில் காரணம் எழுதியிருந்தார்கள். அதை எடுக்க வைத்தோம். கவனக்குறைவு என்று எழுதினால் அடுத்து செய்ய வேண்டியது எச்சரிக்கைக் கடிதம் ஒன்றுதான். டிரெய்லரின் உயரம் அப்படியேதான் இருக்கும்.

கம்பி ஏன் நகர்ந்தது

மூக்கு விழுந்த அதிர்ச்சியில் மேலடுக்கின் நடுக்கட்டுகள் முன்னோக்கி ஒரு சாண் நகர்ந்து, முன்பலகையில் முட்டி நின்றன. 12 கிலோமீட்டர் வேகத்திலேயே இது. ஆகவே கட்டிய முறையையும் பார்த்தோம். கழன்றதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இதே சுமை நன்றாக மாட்டிய டிரெய்லரில் போய், விரைவுச்சாலையில் அவசரமாகப் பிரேக் அடிக்க நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி எழுந்தது.

6 கட்டுப்பட்டைகளை மேலே போட்டு ராட்செட்டால் (பட்டையை இறுக்கும் பற்சக்கரக் கைப்பிடி) இறுக்கியிருந்தார்கள். 50 மில்லிமீட்டர் அகலப் பட்டை. “5 டன் பெல்ட், ஆறு போட்டா 30 டன், லோடு 24 டன், போதும்” என்பது யார்டின் கணக்கு. இந்தக் கணக்கை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். அடிப்படையே தவறு.

பட்டையில் தைத்திருக்கும் நீலச் சீட்டைப் படிக்க வேண்டும். எல்.சி. என்று போட்டிருப்பது பட்டை நேராக இழுபடும்போது தாங்கும் அளவு, இந்த வகையில் ஒற்றை இழுப்புக்கு 2,500 டெக்கா நியூட்டன், ஏறக்குறைய இரண்டரை டன் விசை. 5 டன் என்பது சுற்றிப் போடும்போது கிடைக்கும் எண். மேலே போட்டு இறுக்கும்போது இரண்டுமே உதவாது. அங்கே பட்டை செய்வது சுமையைத் தரையோடு அழுத்துவது மட்டும்தான். அந்த அழுத்தம் ராட்செட்டைக் கையால் இழுக்கும் பலத்தைப் பொறுத்தது. சீட்டில் எஸ்.டி.எஃப். என்று அதைத் தனியாகப் போட்டிருப்பார்கள். சாதாரண ராட்செட்டில் 350 டெக்கா நியூட்டன் அளவில் இருக்கும்.

இப்போது கணக்கைப் போடலாம். சாலைப் போக்குவரத்தில் சுமை கட்டுவதற்கான ஐரோப்பிய விதிப்படி, சுமை முன்னோக்கி ஓடாமல் இருக்க அதன் எடையில் 0.8 பங்கு விசையைத் தடுக்கும்படி கட்ட வேண்டும். பக்கவாட்டுக்கும் பின்பக்கத்துக்கும் 0.5 பங்கு. 24 டன்னுக்கு 0.8 என்றால் 19 டன் விசை. கீழே மரக்கட்டை போட்டிருப்பதால் உராய்வு 0.4 என்று தாராளமாக வைத்தால், சுமை தன் எடையாலேயே 9 டன் சொச்சம் தாங்கிக்கொள்ளும். இன்னும் 9 டன்னுக்கு மேல் பாக்கி. ஒரு பட்டை இரண்டு பக்கமும் சேர்த்து 700 அழுத்தினால், அதில் 0.4 பங்கு, அதாவது 280 டெக்கா நியூட்டன்தான் தடுப்பாகக் கிடைக்கும். கால் டன் சொச்சம். ஆறு பட்டைக்கு ஒன்றே முக்கால் டன் கூட வராது. பாக்கியை முழுக்கப் பட்டையாலேயே சமாளிக்க வேண்டும் என்றால் முப்பதுக்கு மேல் போட வேண்டும். யாரும் போடப்போவதில்லை.

முன்பலகை இருக்கிறதே என்றார்கள். அதுதான் அன்று காப்பாற்றியது. ஆனால் சாதாரண முன்பலகை அதிகபட்சம் 5 டன் விசைக்கு மேல் தாங்கும் என்று எண்ணிக் கட்டக்கூடாது. மீதியை நேரடியாகப் பிடித்து இழுக்கும் சங்கிலிதான் ஏற்க வேண்டும். 10 மில்லிமீட்டர் கிரேடு 8 சங்கிலி ஒன்று நேர் இழுப்பில் 6,300 டெக்கா நியூட்டன் தாங்கும். கம்பிக் கட்டைச் சுற்றி வளைத்து, பின்னோக்கிச் சாய்த்து, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று போட்டால் சாய்வுக் கோணத்தில் போகும் இழப்பைக் கழித்தாலும் கணக்கு நேராகிவிடும்.

நடுக்கட்டுகள் மட்டும் ஏன் நகர்ந்தன? கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இரும்போடு இரும்பாக அடுக்கியிருந்தார்கள். இரும்புமேல் இரும்பின் உராய்வு 0.2-ஐத் தாண்டுவதே கஷ்டம், எண்ணெய்ப் பசை இருந்தால் இன்னும் குறைவு. மேலே போட்ட பட்டை ஓரக் கட்டுகளைத்தான் அழுத்தும். நடுவில் இருப்பவை தளர்வாகக் கிடந்து உருவிக்கொண்டு ஓடும். ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் மரக்கட்டை வைப்பதும், கட்டுகளை இரண்டு மூன்றாகச் சேர்த்துச் சுற்றிக் கட்டுவதும் இதற்காகத்தான். கம்பியின் முனையும் விளிம்பும் பட்டையை அறுக்கும். ஆறு பட்டைகளில் ஒன்றின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. அதை அன்றே வெட்டிக் குப்பையில் போட்டோம். வெட்டாமல் போட்டால் யாராவது எடுத்து மறுபடி கட்டிவிடுவார்கள்.

கட்டுகள் ஓட்டத்தில் அமுங்கும், பட்டை தளரும். கொஞ்ச தூரம் போனதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். துவாஸிலிருந்து கிளம்புபவர்கள் விரைவுச்சாலையில் ஏறுவதற்கு முன்னாலேயே இதை முடித்துவிடுவது நல்லது. உள்ளே போய்விட்டால் நிறுத்த இடம் கிடையாது.

இதே யார்டில் சின்ன லாரியின் பின்னால் ஜெனரேட்டர் இழுத்துப் போவார்கள். அதையும் கேட்டார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒற்றை அச்சு டிரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் அமர வேண்டும். சாமான்களைப் பின்னால் ஏற்றி மூக்கு லேசாகிவிட்டால், வேகம் கூடும்போது டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். அப்படி ஆடினால் லாரியின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை விட்டு, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும், கொக்கி கழன்றாலும் மூக்கு அந்தச் சங்கிலியில் விழுந்து நிற்கும்.

மாற்றியவை

சுமை ஏற்றிய டிரெய்லர் இனி ஜல்லித் தரையில் நிற்பதில்லை. கான்கிரீட் பக்கத்தில் இடம் ஒதுக்கினார்கள். அதற்காகக் காலி டிரெய்லர்கள் ஜல்லிக்கு மாறின. ஒவ்வொரு டிரெய்லரின் முன்காலிலும் மஞ்சள் கோடு போட்டார்கள், விட்டுப் போகிறவர் அந்த உயரத்தில் விட வேண்டும். வாடகை பிரைம் மூவர் வரும்போது அதன் ஃபிஃப்த் வீல் உயரத்தை வாசலிலேயே அளந்து எழுதிக்கொள்கிறார்கள். ஓட்டுநர் டிரெய்லருக்கு அடியில் நுழையும் முன் நிறுத்தி, இறங்கி, உயரம் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பின்னால் எடுக்க வேண்டும்.

இழுவைச் சோதனை இப்போது இரண்டு தடவை. முதல் தடவை கால்கள் தரையில் இருக்கும்போதே. பிறகு கால்களைத் தரையிலிருந்து ஒரு கையளவு மட்டும் தூக்கிவிட்டு இன்னொரு தடவை. அப்போது கழன்றாலும் விழும் உயரம் ஒரு கையளவுதான். அதற்குப் பிறகு டார்ச்சோடு குனிந்து பார்ப்பது. ஓட்டுநர் பார்க்க வேண்டும், உதவியாளரும் பார்க்க வேண்டும், தாளில் இரண்டு பேர் கையெழுத்து. வாசலில் இருப்பவர் இரண்டு கையெழுத்தும் இல்லாமல் வண்டியை விடுவதில்லை.

காலைத் தூக்கும் வேலைக்குப் புதிய விதி ஒன்றே ஒன்று: வேக கியரில் ஆரம்பிக்க வேண்டும், சுற்றவில்லை என்றால் கியரை மாற்றாமல் கையைத் தூக்கி நிறுத்த வேண்டும். ஓட்டுநர் இறங்கி வந்தே ஆக வேண்டும். இதை வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் தமிழிலும் வங்காளத்திலும் சொன்னார்கள். வாயால் மட்டும் சொன்னால் போதாது என்று, ஒரு காலி டிரெய்லரை வேண்டுமென்றே உயரமாக நிறுத்தி வைத்து, ஒவ்வொருவராக வந்து கைப்பிடியைச் சுற்றிப் பார்க்க வைத்தோம். பிறகு சரியாக மாட்டிய டிரெய்லரில் சுற்றச் சொன்னோம். வித்தியாசம் கைக்கு உடனே தெரிகிறது. அந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தது தஞ்சாவூர்த் தம்பிதான். அண்ணன் பக்கத்தில் நின்று, ஃபிஃப்த் வீலின் வாய்க்குள் எந்தக் கோணத்தில் டார்ச் அடிக்க வேண்டும் என்று காட்டினார்.

முடிவாகாத விஷயம் ஒன்று மிச்சம் இருக்கிறது. வாடகை பிரைம் மூவர் ஓட்டுநர்கள் சிலருக்கு டிரிப் கணக்கில்தான் பணம். இறங்கி ஏறி, இரண்டு தடவை இழுத்து, குனிந்து பார்க்கும் நிமிடங்களுக்கு அவர்களுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தொகையைத் தனியாகச் சேர்க்க வேண்டும் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறோம். வாடகை ஒப்பந்தம் அடுத்து புதுப்பிக்கும்போது பார்க்கலாம் என்று நிர்வாகம் சொல்லியிருக்கிறது. அதுவரை, அந்த வண்டிகள் மாட்டும்போது யார்டு சூப்பர்வைசர் நேரில் நிற்க வேண்டும் என்று இடைக்கால ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.